கரிசல் என்னும் சொல்லைத் தேடிய கதை

மதுரையினின்று தெற்கே வரும் இருப்புப்பாதை, தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்குமாகப் பிரியுமிடம் மணியாச்சி. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட ஊரென்று அதனைப் பலரும் அறிவர். ஊரைச் சூழ்ந்து கிடப்பதோ வானம் பார்த்த கரிசற்பூமி. அப்பக்கத்துப் பள்ளியொன்றின் நூல்நிலையம் இரண்டு அலமாரிகளில் அடங்கிவிடும். ஆயினும் அடுத்த அறையில் இணையத் தொடர்புடைய கணினிகள் சில உண்டு. கல்லூரி விடுமுறையில் யான் ஊருக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள தமிழாசிரியர், "தம்பி, பிள்ளைகள் இதில் கண்டதை நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்கள், அதுதான் படிப்பென்று நினைக்கிறார்கள். வேறு ஏதாவது காட்டு" என்றார்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இணையத்திலுள்ள பழைய நூலொன்றில் "கரிசல்" என்னும் சொல்லைத் தேடினாள். இல்லையென்று விடை வந்தது. அவள் கண்ணெதிரேயிருந்த பக்கத்திலோ அச்சொல் இருமுறை நின்றது. "அண்ணா, இருக்கிறதை இல்லை என்கிறதே?" என்று கேட்டாள்.

காரணம் இது. பழைய நூலைப் படமெடுத்துக் கணினிக்குக் கொடுத்தால், அது தானே படித்து எழுத்துக்களாக்கும். இக்கருவியை எழுத்துணரி என்பர். நம் ரகரமும் துணைக்காலும் வடிவில் ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் எழுத்துணரி "ரி" என்பதனை ரகரமாகக் கொள்ளாது, ஒரு துணைக்காலும் ஒரு மேல்விலங்குமாகப் பதிந்துவிடுவதுண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு வேற்றுமை புலப்படுவதரிது. தேடும் கணினிக்கோ அது வேறு சொல். எம் நிலத்தின் பெயரே இவ்வாறு ஒளிந்துகொண்டது! 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில், ணா, றா, னை முதலியவற்றின் பழைய வடிவங்களும் இங்ஙனமே இடறுவிக்கும்.

இஃதொன்றும் புதிய நோயன்று. ஏட்டுச்சுவடிகளில் புள்ளியிராது, ரகரமும் காலும் ஒன்றுபோல நிற்கும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல பிரதிகளை ஒப்புநோக்கி உழைத்தது இத்தகைய மயக்கங்களைத் தீர்க்கவுமே. அன்று ஒரு பேரறிஞர் செய்த தொழிலின் சிறு கூறொன்றை, இன்று பள்ளிச் சிறுவரும் செய்யக்கூடும்.

அதற்கேற்ற இடம் விக்கிமூலம் என்னும் இணைய நூல்நிலையம். அங்கே நூற்பக்கத்தின் படமும் தட்டச்சான பாடமும் அருகருகே நிற்கும். திருத்தப்படாத பக்கத்துக்குச் சிவப்பு. ஒருவர் ஒப்புநோக்கித் திருத்தியபின் மஞ்சள். வேறொருவர் மீண்டும் சரிபார்த்தாலன்றிப் பச்சை இல்லை. திருத்தியவரே பச்சை இடவொண்ணாது என்பதுதான் இவ்வேற்பாட்டின் உயிர். மணியாச்சிப் பிள்ளைகளுக்குக் கைகாட்டி விளக்குகளை விளக்கவேண்டுமா? உடனே பற்றிக்கொண்டனர்.

1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தன்னார்வலரே நூல்களை இணையத்துக்கு ஆக்கி அளித்தனர். கல்லூரியில் யாம் நாள்தோறும் எடுத்தாளும் பாடங்கள் பல அவர்கள் உழைப்பே. அவர்தம் பெயர்களை நூன்முகப்பிற் கண்டும் படியாமற் செல்கின்றோம். யானும் அங்ஙனமே சென்றவன்.

ஒரு மாணவன், இடைசெவல் கி. ராஜநாராயணன் கதைகளை ஏற்றலாமென்றான். கூடாதென்றேன். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழியுமட்டும் உரிமை நிற்கும். 1921-இல் மறைந்த எட்டயபுரத்துப் பாரதியார் பாடல்கள் எவர்க்கும் உரியன. 2021-இல் மறைந்த கி. ரா.வின் நூல்கள் அவ்வாறல்ல. இணையத்திற் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்தென்று எண்ணியிருந்த அவனுக்கு இது பெரிதும் வியப்பாயிற்று.

நான்கு நாட்களில் முடிந்தவை மூன்றே பக்கங்கள். மின்சாரம் இருமுறை நின்றது. ஒற்றெழுத்துக்களைப் பற்றி நெடிய வழக்கும் நிகழ்ந்தது. நூலில் உள்ளவாறே வைக்கவேண்டுமா, நாம் பிழையென்று கருதுவதனைத் திருத்தலாமா என்பதே வழக்கு. உள்ளவாறே என்று ஆசிரியர் தீர்ப்பளித்தார். இப்பொழுது அந்நூலில் "கரிசல்" தேடினால் கிடைக்கும். மூன்று பக்கங்களும் மஞ்சளில் நிற்கின்றன.