கணக்கில் வராத உழைப்பு

மூத்த பிள்ளைகள் – 9

சிறு வயதிலேயே வீட்டைச் சுமந்தவர்களில் சிலர் தெம்பாக வளர்கிறார்கள். சிலர் ஆயுளுக்கும் உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் வாழ்க்கையில் அதற்கு விடை இருக்கிறது.

1824, லண்டன். கடன் நெருக்கடியில் டிக்கன்ஸ் குடும்பத்தின் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. தூக்கிச் சென்றவன் மூத்த மகன் சார்லஸ். படிப்பு ஏற்கெனவே நின்றுவிட்டது. 12 வயதில் ஷூ பாலிஷ் தயாரிக்கும் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். டப்பாக்களை மூடி லேபிள் ஒட்டினால் வாரத்துக்கு 6 ஷில்லிங். அடுத்த சில நாட்களில் அப்பா கடனுக்காகக் கைதாகி மார்ஷல்சி சிறைக்குப் போனார். அம்மாவும் தம்பி தங்கைகளும் பின்னாலேயே அங்கு குடியேறினார்கள். சார்லஸ் வெளியில் தனியாகத் தங்கி, தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டான். அக்கா ஃபானியின் இசைப் படிப்பு மட்டும் தடைபடவில்லை. அவள் பரிசு வாங்கியதைப் பார்த்து அழுதான்.

அப்பா விடுதலையான பிறகும் பட்டறை வேலை நீடித்தது. ஒரு சண்டைக்குப் பின் அப்பா அவனை வேலையிலிருந்து நிறுத்தியபோது, திரும்பவும் அனுப்பலாம் என்றார் அம்மா. கடைசிவரை டிக்கன்ஸால் அதை மறக்க முடியவில்லை. பெற்றோரோ அந்த நாட்களைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. 1870-இல் டிக்கன்ஸ் இறந்தபின், நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகம் இதைத் தெரிந்துகொண்டது.

புகழ் வந்த பிறகும் சுமை இறங்கவில்லை. 1839-இல் பெற்றோருக்கு டெவனில் வீடு பிடித்துக் கொடுத்தார். அப்பா மகன் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கவே, 'அந்தக் கடன்களுக்கு நான் பொறுப்பல்ல' என்று 1841-இல் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்படிப் பிள்ளை பெற்றோரின் இடத்துக்குத் தள்ளப்படுவதை 'பேரன்டிஃபிகேஷன்' என்று 1973-இல் தங்கள் நூலில் விளக்கினார்கள் குடும்பச் சிகிச்சை நிபுணர்கள் இவான் போசோர்மேனி நாஜும் ஜெரால்டின் ஸ்பார்க்கும். எந்தக் குடும்பத்திலும் எழுதப்படாத வரவுசெலவு ஒன்று உண்டு. பிள்ளை கொடுத்ததை யாரும் வரவு வைக்காவிட்டால், வளர்ந்தபின் அந்தப் பாக்கியைச் சம்பந்தமில்லாதவர்களிடம், பெரும்பாலும் துணையிடமும் பிள்ளைகளிடமும், வசூலிக்கப் பார்க்கும் என்பது நாஜின் கருத்து. 1858-இல் டிக்கன்ஸ் மனைவியைப் பிரிந்தார். வீட்டு விவகாரத்தைத் தன் பத்திரிகையிலேயே விளக்கமாக வெளியிட்டார். இதற்கும் பாலிஷ் டப்பாவுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பாக்கி தீராத மனிதர் அவர் என்பதில் சந்தேகமில்லை.

குடும்பச் சிகிச்சை நிபுணர் சால்வடார் மினுச்சின், மூத்த பிள்ளை வீட்டுப் பொறுப்பை ஏற்பதையே தவறு என்று சொல்லவில்லை. வேலை எதுவரை என்று தெளிவாகச் சொல்லி, பெற்றோர் பின்னால் நின்றால் பிள்ளைக்கு அது பலமாகவும் அமையும் என்றார். யாரிடமும் உதவி கேட்க வாய் வராத, ஒரு நாள் சும்மா உட்கார்ந்தாலும் குற்றவுணர்ச்சி வருகிற, ஆபீஸில் எல்லார் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கிற நாற்பது வயது அக்காக்களுக்கு அந்த எல்லையை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை.

அவர்களை 'பொறுப்பான பொண்ணு' என்று புகழ்வது இன்னொரு சுமையை ஏற்றுவதுதான். 'அது நாங்க செய்ய வேண்டிய வேலை, உன் தலையில கட்டிட்டோம்' என்று பெற்றோர் ஒருமுறை சொல்லலாம். பெற்றோர் இல்லையென்றால், அந்த அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்த தம்பி தங்கைகள் சொல்லலாம். சொன்ன கையோடு ஒரு வேலையையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம்: வேலை எதுவும் செய்யாமலே அம்மாவின் கண்ணீரை மட்டும் சுமந்த மகள்கள்.