குடிசார் பாதுகாப்புக் கதிர்மானிகளைச் சேகரித்தல்

அணுக்குண்டு வீழ்ந்தபின் உயிர் தப்பியோர் பதுங்கிடத்தை விட்டு எப்பொழுது வெளிவரலாம் என்னும் வினாவுக்கு விடை காண்பதற்கென்றே ஒரு வகைக் கருவிகள் ஐக்கிய அமெரிக்காவில் 1950களிலும் 1960களிலும் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. மஞ்சள் வண்ணம் பூசிய உலோகப் பெட்டி, அதன்மேல் ஒரு கைப்பிடி, பக்கத்தில் நீல வட்டத்துள் அமைந்த வெண் முக்கோணம்: இவையே அவற்றின் அடையாளம். அந்நாட்டின் குடிசார் பாதுகாப்புச் சட்டம் 1994இல் நீக்கப்பட்டது. களஞ்சியங்களிலிருந்து வெளிவந்த கருவிகளை இன்று பலர் ஆர்வத்துடன் சேகரிக்கின்றனர்.

இக்கருவிகள் வேண்டப்பட்டமைக்குக் காரணம் உண்டு. 1954 மார்ச் 1ஆம் நாள் பிக்கினித் தீவில் வெடிக்கப்பட்ட ஐதரசன் குண்டின் சாம்பல், தொலைவிலிருந்த ரொங்கெலாப் தீவினர்மீதும் யப்பானிய மீன்படகொன்றின்மீதும் பொழிந்தது. வெடிப்புக்கு எட்டாத இடத்தையும் அதன் தூசி எட்டும் என்பதை உலகம் அன்று கண்டது. அத்தூசியின் வீரியமோ விரைவிற் குன்றுவது. காலம் ஏழு மடங்காகுந்தோறும் கதிர்வீச்சு ஏறத்தாழப் பத்திலொன்றாகும். முதல் மணி முடிவில் 1000 றோஞ்சன் எனின், ஏழாம் மணியில் 100, இரண்டு நாட்களில் 10. இவ்வீழ்ச்சியை அளந்தறியவே மானி வேண்டப்பட்டது.

சேகரிப்போர் பெரும்பாலும் மயங்குவது ஈண்டேயாம். மஞ்சட் பெட்டி அனைத்தையும் 'கைகர் எண்ணி' எனக் கூறி விற்போர் பலர். உண்மையில் சீ.டி.வி. 700 என்பதே கைகர் எண்ணி. அதன் கைப்பிடியில் வடத்தோடு கூடிய உலோகக் குழாயொன்று செருகப்பட்டிருக்கும். காதணிகருவியில் 'டிக், டிக்' என்னும் ஓசை கேட்கும். அதன் உச்ச அளவு மணிக்கு 50 மில்லிறோஞ்சன் மாத்திரமே. சீ.டி.வி. 715 என்பது அயனாக்க அறை கொண்டது. அதற்கு வெளிக்குழாயும் இல்லை, ஓசையும் இல்லை. அது மணிக்கு 500 றோஞ்சன் வரை அளக்கும். அதன் மிகத் தாழ்ந்த வீச்சிலும் ஊசி முழுத் தூரம் செல்ல, இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சைப் போல் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் மடங்கு வேண்டும். ஆதலின் அதன் ஊசி சுழியில் நிற்பது அவ்விடம் தூயது என்பதற்குச் சான்றாகாது.

2011இல் புக்குசிமா விபத்து நிகழ்ந்தபின் கதிர்மானி தேடி அலைந்தோர்க்கு இவ்வேறுபாடு வெறும் நூலறிவாய் இருந்திருக்க முடியாது. மறுதலையான இடரும் உண்டு. கதிர்வீச்சு அளவுகடந்து மிகுந்தவிடத்து 700இன் குழாய் திணறி, ஊசி தாழ்ந்து சுழியையே காட்டிவிடலாம். இவ்விரண்டும் ஒன்றையொன்று நிரப்பும் வகையிலே வகுக்கப்பட்டமையால், ஒன்றை மட்டும் நம்புதல் தகாது.

'வேலை செய்கிறது' என்னும் விற்பனையாளர் கூற்றையும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். 715இன் சோதனைநிலையில் ஊசி குறித்த இடத்துக்கு வருமாயின், மின்சுற்று நன்னிலையில் உள்ளது என்பதே பொருள். அயனாக்க அறையைப் பற்றி அது யாதும் கூறாது. அவ்வறையில் எழும் மின்னோட்டம் மிக மிக நுண்ணியது. ஈரம் சிறிது புகுந்தாலும் காவலி வழியே மின் கசிந்து அளவு பிழைக்கும். அளவு திருத்தப்படாத மானி, கண்காட்சிப் பொருளேயன்றிக் காவற்கருவியன்று.

700ஐச் சோதிக்க, தோரியம் சேர்ந்த பழைய பெற்றோமாக்ஸ் விளக்கின் மென்டில் ஒன்று போதும். குழாயின் மூடியைத் திறந்து அருகிற் பிடித்தால் ஓசை விரைவுறும். 715இன் ஊசியோ அசையாது. மென்டிலை நொறுக்குதலும் அதன் தூசியைச் சுவாசித்தலும் ஆகா. பெட்டியின் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ள சோதனை மூலத்தையும் சுரண்டலாகாது.

விளையாட்டுப் புகைவண்டிகளாற் புகழ்பெற்ற லயனல் நிறுவனமும் 700ஐச் செய்தது. சேகரிப்போர் அதனை விரும்பித் தேடுவர். பேனா வடிவான சீ.டி.வி. 742 மாத்திரைமானியும் பலரிடம் உண்டு. அதனை ஒளியை நோக்கிப் பிடித்தால் 0 முதல் 200 றோஞ்சன் வரையான அளவுகோலும் அதன்மேல் மெல்லிய குவாட்சு இழையின் நிழலும் தெரியும். சீ.டி.வி. 750 என்னும் மின்னேற்றியால் இழையைச் சுழிக்குக் கொணர்ந்து, ஒரு நாள் கழித்துப் பார்த்தல் வேண்டும். கதிர் எதுவும் படாமலே இழை நெடுந்தூரம் நகர்ந்திருப்பின் அதன் காவலி பழுதுற்றது எனத் தெளியலாம்.