பச்சைத் தோள் தக்காளி

ஆடியில் விதை போட்டது. ஐப்பசி மழைக்கு நடுவே முதல் பழம் பறித்தேன். மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகள். எல்லாவற்றிலும் தென்னை நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம் கலந்த ஒரே மண். ஒரே வெயில், ஒரே தண்ணீர். செடிகள் மட்டும் மூன்று வகை. நான்கு பைகளில் நாட்டுத் தக்காளி. அதற்கு உழவர் சந்தையில் ஒரு கிலோ வாங்கி, வெவ்வேறு பழங்களிலிருந்து விதை எடுத்திருந்தேன். நான்கில் பெங்களூர் தக்காளி என்று நாம் சொல்லும் வீரிய ஒட்டு ரகம். மீதி நான்கில் செர்ரி தக்காளி.

மூன்றையும் அரிவாள்மணையில் குறுக்கே அறுத்து ஒரு தட்டில் வைத்தபோதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. செர்ரியில் இரண்டே விதை அறைகள். தென் அமெரிக்காவின் மேற்கே, பெரு, எக்குவடோர் பக்கத்தில் இன்றும் விளையும் காட்டுத் தக்காளிக்கும் அறை இரண்டுதான். அளவும் ஏறக்குறைய சுண்டைக்காய் அளவுதான். அறைகளைப் பெருக்கும் மரபணு மாற்றங்கள் தானாக வந்தபோது, பெரிய பழம் கிடைக்கிறதே என்று மனிதர்கள் அந்தச் செடிகளின் விதையைக் காப்பாற்றினார்கள். என் தட்டில் இருந்த நாட்டுத் தக்காளியில் ஏழு அறைகள் எண்ணினேன். வெளியே வரிவரியாகப் புடைத்திருப்பது அதனால்தான். ஒவ்வொரு அறையிலும் விதையைச் சுற்றிக் கொழகொழவென்று சாறு. அறுத்த கையோடு தட்டில் வழிந்தது. பெங்களூர் தக்காளியில் மூன்று அறைகள், பென்சில் பருமனுக்குச் சதைச் சுவர். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

எங்கள் வீட்டில் கடைக்கு அனுப்பும்போதெல்லாம் அம்மா ஒன்றைச் சொல்லியனுப்புவார்: “ரசத்துக்கு நாட்டுத் தக்காளி பார்த்து வாங்கிட்டு வாப்பா. பெங்களூர் தக்காளி புளிக்கவும் புளிக்காது, கரையவும் கரையாது.” புளிப்பு மட்டுமே காரணமில்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளியின் வெளிச்சதையையும் விதையைச் சுற்றிய சாற்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். நாவில் நின்று ஊறவைக்கும் சுவையைத் தருவது குளுட்டமேட். அது சதையைவிடச் சாற்றில்தான் பல மடங்கு அதிகம். அறைகள் கூடினால் சாறு கூடும். சாறு கூடினால் ரசம் கூடும். மேல்நாட்டுச் சமையல் குறிப்புகளில் விதையை வழித்தெறியச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு பதைக்கும். எறிவது பழத்தின் உயிரை.

இனி தலைப்பில் சொன்ன பச்சைத் தோள். நாட்டுத் தக்காளி காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றித் தோள்பட்டை போலக் கரும்பச்சையாக ஒரு வட்டம் தெரியும். பழுத்த பிறகும் சிலவற்றில் அந்த இடம் மஞ்சளாகவோ பச்சையாகவோ நிற்கும். வியாபாரத்துக்கு அது குறை. முழுவதும் ஒரே சிவப்பாக இருந்தால்தான் கூடையில் எடுப்பாகத் தெரியும். அதனால் அமெரிக்காவில் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகத் தோள் இல்லாத, காய் முழுக்க வெளிர்பச்சையாக இருக்கும் செடிகளையே தேடித் தேடி இனம் பெருக்கினார்கள். அந்த வெளிர்பச்சைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது: காயில் பச்சையத்தைப் பெருக்கும் மரபணு ஒன்று அந்தச் செடிகளில் பழுதாகியிருந்தது. பழத்தின் சர்க்கரையில் பெரும்பகுதி இலையிலிருந்து வருவதுதான். ஆனால் பச்சைக் காயும் தன் பங்குக்கு வெயிலில் சர்க்கரை சமைக்கிறது. பழுதான மரபணு உள்ள காயில் அந்தச் சமையல் குறைந்துபோகிறது. பார்வைக்கு அழகு தேடப்போய், யாருக்கும் தெரியாமல் இனிப்பைக் கழித்துக்கட்டியிருக்கிறார்கள்.

மணத்தின் கதையும் இதேதான். புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழுவினர் 398 தக்காளி வகைகளின் மரபணுத் தொகுதியைப் படித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சுவைக்குக் காரணமான மணப்பொருள்களில் பதின்மூன்று இன்றைய வணிக ரகங்களில் குறைந்துபோனதைக் காட்டினார்கள். இந்த மணப்பொருள்களில் சில, பழத்தைச் சிவக்கவைக்கும் நிறமிகள் உடைவதால் உண்டாகுபவை. மூக்குக்கு எட்டும் அந்த வாசம், உள்ளதைவிட அதிக இனிப்பு இருப்பதாக நாக்கை உணரவைக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறுவதில்லை, வாசம் மட்டும் போய்விடுகிறது. குளிரில் மணம் உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன; வெளியே எடுத்து வைத்தாலும் பழையபடி எழுவதில்லை. மாடியில் பறித்த பழத்தைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மூங்கில் தட்டில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

இத்தனை சொன்னதால் ஒட்டு ரகம் மட்டம் என்று ஆகிவிடாது. என் நான்கு நாட்டுச் செடிகளில் இரண்டு காய்ப்புக்கு முன்பே இலை சுருண்டு, குட்டையாகிப்போயின. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டேன். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பக்கத்திலேயே நின்ற பெங்களூர் செடிகள் நான்கும் தப்பின. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா ரக்ஷக் இலைச்சுருள், வாடல், இலைக்கருகல் என்ற மூன்றையும் தாங்குவதற்கென்றே வந்த ஒட்டு ரகம். கடன் வாங்கி நட்டவருக்கு அந்தத் தாங்கும் சக்திதான் முதலில் வேண்டும். மழை விட்ட மறுநாள் நாட்டுப் பழங்கள் காம்போரம் வெடித்துக் கிடந்தன. மெல்லிய தோல், திடீரென்று ஏறிய நீரின் அழுத்தத்தைத் தாங்காது. அதை லாரியில் முந்நூறு கிலோமீட்டர் கொண்டுபோக முடியாது.

இரண்டுக்கும் நடுவே நமக்கென்று ஒரு ரகம் உண்டு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1, தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற நாட்டு வகையில் செயற்கையாக மரபணு மாற்றத்தைத் தூண்டி எடுத்தது. ஒட்டு ரகம் இல்லை என்பதால் விதை எடுத்துத் திரும்பப் போடலாம். ஓர் அளவோடு வளர்ச்சி நின்று புதராகும் செடி, பைக்குத் தோதானது. செர்ரி அப்படியில்லை. கொடி மாதிரி ஏறிக்கொண்டே போய், நான் ஊன்றிய குச்சியைத் தாண்டித் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டது. பக்கக் கிளையைக் கிள்ளிக் கிள்ளி விரலெல்லாம் பச்சைப் பிசின், சோப்பு போட்டால் மஞ்சளாகக் கரைகிறது. இலையின் நுண்ரோமங்களில் சுரக்கும் அந்தப் பிசின் சிறு பூச்சிகளைத் தடுக்கும் ஆயுதம். இனிப்பில் செர்ரிக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் வராது. ஆனால் ரசத்துக்குப் போட்டால் தோல்தான் மிஞ்சும்.

மிஞ்சிய இரண்டு நாட்டுச் செடிகளில் ஒன்றின் காய்கள் முழுக்க வெளிர்பச்சை. மற்றொன்றில் கரும்பச்சைத் தோள். சந்தைக்கு வரும் ‘நாடு’ ஒரே ரகம் இல்லை, கலவை என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டில் நால்வருக்கும் எது எந்தச் செடி என்று சொல்லாமல் அரிந்து கொடுத்தேன். மூவர் தோள் உள்ளதையே இன்னொரு துண்டு கேட்டார்கள். ஒரு செடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இன்னும் நிறையச் செடிகள் வேண்டும்.

அதனால் விதை எடுத்திருக்கிறேன். தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் கூம்பாகச் சூல்முடியை மூடியிருப்பதால் பெரும்பாலும் தன் மகரந்தமே சேரும். மூன்று வகையும் அருகருகே நின்றாலும் பெரிய கலப்பு பயமில்லை. பெங்களூர் பழத்தின் விதையை எடுக்கவில்லை. ஒட்டின் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு முகமாகப் பிரியும். தோள் கறுத்த செடியில் நன்றாகப் பழுத்த இரண்டு பழங்களைப் பிழிந்து, சாற்றோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்கவிட்டேன். விதையைச் சுற்றிய வழவழப்பு முளைப்பைத் தடுக்கும், புளித்தால் கழன்றுவிடும். கழுவி, பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்தினேன். ரோமம் படர்ந்த சாம்பல் நிற விதைகள், நூற்றுக்கும் மேல் இருக்கும். மாத்திரை டப்பாவில் போட்டு மூடி, ‘தோள்’ என்று எழுதி ஒட்டியாயிற்று. அடுத்த ஆடியில் பன்னிரண்டு பைகளில் எட்டு அதற்கு.