சோடா விற்ற மைதானத்திலேயே ஹீரோ ஆனவர்!

கம்பத்தில் பஸ் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி மலையில் வளைந்து வளைந்து போனால் குமுளி. அதற்கு மேல் கேரளம். இந்தப் பக்கம் பையன்கள் கையில் கிரிக்கெட் மட்டை. அந்தப் பக்கம் உலகக் கோப்பை வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு மெஸ்ஸியும் நெய்மரும் கட் அவுட்டில் நிற்பார்கள். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு ஐ.எம்.விஜயனைத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால், எப்படித் தெரியும்? ‘திமிரு’ படத்து முரட்டு வில்லனாக!

அந்த முரட்டு முகத்துக்காரர்தான் இந்திய அணியின் கேப்டனாகவும் இருந்த ஃபார்வர்டு. 1969-ல் திருச்சூரில் பிறந்தவர். வீட்டில் வறுமை. பள்ளிக்கூட வயதில் திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் சோடா விற்றார். பாட்டிலுக்குப் பத்து பைசா கிடைக்கும். மேட்ச் பார்க்க வந்த கூட்டத்துக்கு சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டே, ஒரு கண்ணை மைதானத்தின் மேல் வைத்திருந்த பையன் அவர்.

பதினேழு, பதினெட்டு வயதில் கேரளா போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. விளையாட்டு ஒருபக்கம் இருக்கட்டும், மாதச் சம்பளம் வருமே! அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு அதுதான் பெரிய கோல். 1990, 1991 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது அந்த போலீஸ் அணி. பெரிய கிளப்களுக்கு நடுவே காக்கிச்சட்டைக்காரர்கள் கோப்பையைத் தூக்கியது சாதாரண விஷயமில்லை.

அதன்பிறகு கொல்கத்தா கூப்பிட்டது. மோகன் பகான், ஜே.சி.டி, எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் என்று கிளப் மாறிக்கொண்டே இருந்தார். 1993, 1997, 1999 என மூன்று முறை இந்தியாவின் சிறந்த வீரர். பைச்சுங் பூட்டியாவோடு அவர் சேர்ந்து ஆடிய காலத்தை இன்றைக்கும் ரசிகர்கள் பெருமூச்சோடுதான் பேசுகிறார்கள். ‘கறுப்பு மான்’ என்பது அவருக்கு அவர்கள் வைத்த பெயர்.

1999-ல் காத்மாண்டுவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. எதிரணி பூட்டான். விசில் ஊதி 12 விநாடிதான்... பந்து வலைக்குள்! நாற்காலியில் சரியாக உட்காராத ரசிகர் அந்த கோலைத் தவறவிட்டிருப்பார். 2003-ல் ஹைதராபாத்தில் நடந்த ஆப்ரோ-ஆசிய விளையாட்டில் நான்கு கோல்கள். போட்டியில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். அப்போது வயது 34. தேசிய அணிக்கு அதோடு விடை கொடுத்தார்.

சினிமா முன்பே வந்திருந்தது. ஜெயராஜ் இயக்கிய மலையாளப் படமான ‘சாந்தம்’ அவரை நாயகனாக்கியது. சிறந்த படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. தமிழில் ‘திமிரு’, ‘கொம்பன்’ என்று அரிவாள் பக்கமே ஒதுக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கால்பந்தை வைத்தே எடுத்த ‘பிகில்’ படத்திலும் அவருக்கு கோச் வேடம் இல்லை! டைரக்டர்களுக்கு அவர் கால்களைவிட முகம்தான் தேவைப்பட்டது போல.

பதினேழில் சோறு போட்ட போலீஸ் வேலையை அவர் இடையில் விட்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் அங்கேயே திரும்பினார். மலப்புரத்தில் மலபார் ஸ்பெஷல் போலீஸின் டெபுடி கமாண்டன்டாகி, 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். பத்மஸ்ரீ அறிவிப்பு வந்ததும் அதே வருடம்தான். சோடா விற்ற பையன் ராஷ்டிரபதி பவனில் விருது வாங்கும்போது வயது 56.