தொழில்முனைவுக் கல்வி

தொழில்முனைவுக் கல்வி என்பது புதிய தொழில் வாய்ப்பை இனங்காணல், அதன் இயலுமையை ஆராய்தல், முதல் திரட்டல், நிறுவனத்தைத் தொடங்கி நடத்துதல் ஆகியவற்றைக் கற்பிக்கும் துறை ஆகும். வணிக மேலாண்மை முதுநிலைப் படிப்புகளில் இது ஒரு பாடமாக இடம்பெறுகின்றது. பிற மேலாண்மைப் பாடங்கள் பெரும்பாலும் இயங்கிவரும் நிறுவனங்களைப் பற்றியவை. இப்பாடம் இன்னும் தோன்றாத நிறுவனத்தில் இருந்து தொடங்குகின்றது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் 1947 இல் நடத்திய பாடம் இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகின்றது. தொழில்முனைவைக் கற்பிக்க இயலுமா என்ற கேள்வி இந்தியாவில் 1960களில் சோதிக்கப்பட்டது. உளவியலாளர் டேவிட் மெக்லிலாண்டின் திட்டத்தின்படி, காக்கிநாடாவைச் சேர்ந்த வணிகர்களுக்கு ஐதராபாத்தில் சாதனை ஊக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றோர், பெறாதோரைவிடக் கூடுதலாகத் தொழில் முயற்சிகளில் ஈடுபட்டனர் என அவரும் டேவிட் விண்டரும் 1969 இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. 1983 இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனமும், 2001 இல் சென்னையில் தமிழ்நாடு அரசின் இத்தகைய நிறுவனமும் அமைக்கப்பட்டன.

பாடக் கூறுகள்

* வாய்ப்பை இனங்காணல்
* சந்தை ஆய்வு
* தொழில் திட்ட அறிக்கை தயாரித்தல்
* முதலீடும் நடைமுறை மூலதனமும்
* சட்டம், உரிமம், வரி

திருவள்ளூர் மாவட்டச் சூழல்

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகமும், காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ளன. இத்தகைய இடங்களில் பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிறு நிறுவனம் ஒரு இயல்பான வாய்ப்பாகும். அத்தகைய நிறுவனம் எதிர்கொள்ளும் முதன்மையான இடர் இலாபமின்மை அன்று. பணம் வந்து சேரும் காலத் தாழ்வே ஆகும்.

எடுத்துக்காட்டாக, மூலப்பொருள், கூலி, மின்சாரம் ஆகியவற்றுக்கு மாதம் 4 இலட்சம் ரூபாய் செலவாகும் பட்டறை ஒன்றைக் கொள்ளலாம். வாங்குபவர் 45 நாளில் பணம் தந்தால் முதல் வரவுக்கு முன் 6 இலட்சம் போதும். 90 நாள் ஆனால் 12 இலட்சம் தேவை. கணக்கில் இலாபம் இருந்தும் பட்டறை மூடப்படக்கூடும்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், 2006 இன்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை வாங்குபவர் 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் இந்திய ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். எனினும், ஒரே வாங்குபவரை நம்பியுள்ள புதிய நிறுவனம் அவர்மீது முறையிடத் தயங்கலாம்.

வரம்புகள்

பணவோட்டக் கணக்கை வகுப்பறையில் கற்பிக்கலாம். முதல் கொள்முதல் ஆணையை வகுப்பறை பெற்றுத் தராது. எனவே திட்ட அறிக்கையுடன், ஆலைப் பார்வையிடல், வாங்குவோரை நேரில் சந்தித்தல் போன்ற களப்பணிகளும் இப்பாடத்துக்கு இன்றியமையாதவை.