பழைய பியானோ வாங்கும் முன்

தமிழகத்துக்குப் பியானோ புதிதன்று. சென்னையின் மியூசி மியூசிக்கல் நிறுவனம் 1842-இல் தொடங்கப்பெற்றது.

ஒரு பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள். அவற்றின் மொத்த இழுவிசை 18 டன் அளவினது. கடற்கரை ஈரத்தில் துருவேறிய கம்பி, வளையும் இடத்தில் அறுகிறது. ஈரத்தில் ஒலிப்பலகை உப்பினால் சுருதி உயரும்; ராமகுப்பம் போன்ற வறண்ட மேட்டுநிலத்துக்குக் கொண்டுவந்தால், பலகை சுருங்கிச் சுருதி தாழும். கம்பிகளை முறுக்கும் ஆணிகளைப் பற்றியிருக்கும் மரம் வெடித்திருந்தால், எத்தனை முறை சுருதி கூட்டினாலும் நிலைக்காது. பல்லாண்டு தாழ்ந்து கிடந்த சுருதியை ஒரே நாளில் உயர்த்தினாலும் கம்பி அறக்கூடும்.

ஆகவே, சேமிப்பைச் செலவிடும் முன், சுருதி கூட்டுவதில் தேர்ந்தவரைக் கொண்டு ஆணிகளின் பிடிப்பைச் சோதித்தறிக. அறுந்த கம்பியை மாற்றுவது சிறு செலவு; ஆணிப்பலகையை மாற்றுவதோ வாங்கிய விலையையே விஞ்சக்கூடும்.