உடுக்கை ஒலி எட்டாத பரிந்துரைப் பட்டியல்

கோவையில் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் ஒருவருக்கு, அவர் அதுவரை கேட்டவற்றைக் கொண்டே அடுத்த பாட்டை எடுத்துத் தரும் பரிந்துரைப் பொறி, கொரிய நாட்டுப் பாடலையோ பஞ்சாபிப் பாடலையோ நொடியில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. அருகிலேயே காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்பட்டுவரும் பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் அண்ணமார் கதையையோ அது தானாக முன்வைப்பது அரிது. பொறி தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை என்பதே இதற்குக் காரணம்.

இத்தகைய பொறிகளுள் பெரும்பாலானவற்றின் அடித்தளம் கூட்டு வடிகட்டல் எனப்படும் முறையாகும். அதாவது, ஒத்த விருப்பமுடைய இருவரில் ஒருவர் கேட்டதை மற்றவருக்கும் நீட்டுவது. 1994இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உபேந்திர ஷர்தானந்தும் பேட்டி மேஸும் உருவாக்கிய ரிங்கோ என்னும் நிரல், பாடகர்களுக்குப் பயனர்கள் அளித்த மதிப்பெண்களை ஒப்பிட்டு மின்னஞ்சல் வழியாகவே இசையைப் பரிந்துரைத்தது. இன்றைய சேவைகளில் ஒவ்வொரு பாட்டும் எண்களாலான வரைபடமொன்றில் ஒரு புள்ளியாக அமைகிறது. ஒரே ஆட்கள் கேட்கும் பாட்டுகள் அருகருகே வந்து சேர, அதிகம் கேட்கப்படாத பாட்டு அண்டை அயலின்றி ஒதுங்கிவிடுகிறது. பாட்டின் ஒலியலைகளையே ஆராய்ந்து உறவு காணும் முறைகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்தாலும், கூட்டம் சேர்ந்த இடத்தில்தான் மேலும் கூட்டம் சேர்கிறது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 14,000க்கும் மேற்பட்டோர் அறிமுகமற்ற 48 பாட்டுகளைத் தனித்தனிக் குழுக்களாகக் கேட்டபோது, பிறர் எத்தனை முறை பதிவிறக்கினர் என்ற எண்ணிக்கை கண்ணில் பட்ட குழுக்களிலெல்லாம் புகழ் ஒரு சில பாட்டுகளிடமே குவிந்தது. எந்தப் பாட்டிடம் குவிந்தது என்பதோ குழுவுக்குக் குழு மாறியது.

அண்ணமார் கதை போன்ற உடுக்கடிப் பாட்டு இந்தக் கணக்கில் தோற்பதற்கு அதன் ஒலியும் நீளமுமே காரணம். இடை சிறுத்த உடுக்கையின் இரு தோல்களையும் பிணைக்கும் கயிற்றை ஒரு கை இறுக்கித் தளர்த்த, மறு கையின் விரல்கள் தோலில் விழுகின்றன. தோலின் இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்ற இயற்பியல் விதிப்படி, கயிறு இறுகும்போது ஒரே அடியின் ஒலி கீழிருந்து மேலாக வழுக்கிச் செல்கிறது. கதை, சாமிகளை அழைக்கும் காப்புப் பாட்டில் தொடங்கி, நிதானமாக விரிந்து, பல இரவுகள் நீளும். கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பகுதியில் ஒலிநாடாவில் பதிவுசெய்த இக்கதை, 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சேறியபோது இரண்டு தொகுதிகளை நிரப்பியது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளிலோ 30 நொடி ஓடினால் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு ஏறுகிறது. மூன்று நிமிடத் திரைப்பாட்டுக்கும் மூன்று மணி நேரக் கதைப்பாட்டுக்கும் கிடைப்பது அதே ஒன்றுதான். காப்பு முடியுமுன் விரலால் தள்ளிவிடுகிறவரிடம் அந்த ஒன்றும் கிடைப்பதில்லை.

பழகாத இசை உடனே பிடிபடாமல் போவது கேட்பவரின் குறையன்று. வலோரி சலிம்பூரும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், முன்பின் கேட்டிராத பாட்டைக் காசு கொடுத்து வாங்க ஒருவர் எந்த அளவு விரும்புவார் என்பதை, இன்ப உணர்வோடு தொடர்புடைய அக்கம்பன்ஸ் உட்கருவின் துடிப்பு முன்கூட்டியே காட்டியது. பாட்டு எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுக்கு அந்த உட்கரு செவிப்புலப் புறணியோடு கூடிச் செயல்பட்டது. முன்பு கேட்ட இசையின் அச்சுகள் தங்கியிருக்கும் இடம் அப்புறணி என்பதால், அடுத்து வரும் ஒலியை ஊகிக்கவும் அந்த ஊகம் பலிக்கும்போது மகிழவும் பழக்கம் தேவைப்படுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினர். உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இலேயே எடுத்துக்காட்டியபடி, திரும்பத் திரும்ப எதிர்ப்படுவது ஒன்றே ஒரு பொருளின்மீது விருப்பத்தை வளர்க்கப் போதுமானது.

புதிய இசைக்குத் தெரிந்த இசையொன்று பாலமாக அமைந்துவிட்டால் இந்தப் பழக்கம் எளிதாகிறது. கோவையிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள ஆனைகட்டியைத் தாண்டினால் வரும் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மாவின் குரல், 2020இல் வெளியான ‘அய்யப்பனும் கோஷியும்’ மலையாளப் படத்தின் வழியாகத்தான் இணையத்தில் பரவலாக ஒலித்தது. பின்னர் அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அப்படத்தில் நடித்த பிருத்விராஜின் படங்களைப் பார்ப்போரின் கூட்டத்தோடு பொறி அவரது பாட்டை இணைத்துவிட்டதால், மலைக்கு அந்தப் பக்கத்துக் குரல் மலையாளப் படவுலகின் கொச்சியைச் சுற்றிக்கொண்டு கோவைக்கு வந்தது எனலாம்.

பாலம் அமையாத இசைக்குக் கேட்பவரே தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஸ்பாட்டிஃபை பயனர்களின் தரவுகளைக் கொண்டு ஆஷ்டன் ஆண்டர்சன் உள்ளிட்டோர் 2020இல் வெளியிட்ட ஆய்வும், காலப்போக்கில் பலவகை இசைக்கு விரிந்தவர்கள் பொறியின் பரிந்துரைகளைக் குறைத்துக்கொண்டு, தாமாகத் தேடிக் கேட்பதைக் கூட்டியவர்களே என்று கண்டது. அண்ணமார் கதையைத் தேடுவோர் ‘பொன்னர் சங்கர்’ என்று மட்டும் தட்டினால், 2011இல் வந்த திரைப்படமும் அதற்கு இளையராஜா அமைத்த பாட்டுகளும் குறுக்கே வருகின்றன. உடுக்கடிப் பாட்டு, குன்றுடையான் கதை, படுகளம் என இக்கதையோடு ஒட்டிவரும் பெயர்களோடு ஓர் ஊர்ப்பெயரையும் சேர்த்துத் தேடுவோருக்குத்தான், கோயில் நோன்பில் யாரோ கைப்பேசியில் பிடித்து ஏற்றிய, ஒலிபெருக்கி இரைச்சலும் கூட்டத்தின் பேச்சும் கலந்த நீண்ட பதிவுகளை எட்டும் வாய்ப்பு கூடுகிறது.